ஏணிச் சின்னத்தில் நின்ற வருஷம்

12 பிப்ரவரி 1996

போன வாரம் படகு கவிழ்ந்ததில் யாரும் சாகவில்லை. புத்தகப் பைகள்தான் போயின. ஆனால் அக்கரைப் பெண்பிள்ளைகள் ஒருவரும் இன்றுவரை பள்ளிக்கு வரவில்லை. சாயந்திரம் நானே போய்ப் பார்த்தேன். பத்தாம் வகுப்புத் தேன்மொழி மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். வகுப்பிலேயே கணக்கில் முதல் ஆள். என்னைக் கண்டதும் முறத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளினாள்.

அவள் அப்பா சொன்னார்: "பாலம் வரட்டும் சார், அனுப்புதேன். பிள்ளையை ஆத்துக்குக் குடுக்க முடியாதுல்லா."

பதினேழு வருஷம் ராணுவத்தில் இன்ஜினியர் படையில் இருந்தவன் நான். பேர் தெரியாத ஆறுகளிலெல்லாம் ராவோடு ராவாகப் பாலம் போட்டிருக்கிறோம், விடிந்ததும் டாங்கிகள் போகும். இங்கே சொந்த ஊரில் ஒரு பாலத்துக்கு இருபது வருஷமாக மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

3 மார்ச்

எலியேசர் சார் ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: "மனு எழுதுனது போதும்வே சங்கிலிபூதத்தான். எலெக்‌ஷன் வருது, நீரே நில்லும். மிலிட்டரி சார்னா ஏழு ஊருக்குத் தெரியும்." எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

9 மார்ச்

தேர்தலில் நிற்கப் போவதை வீட்டில் அன்னத்தாயிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்கவில்லை.

"வேலையை விடணுமே?"

"விடணும்."

"மகாராஜா நிக்கப் போறான்னு பேசிக்கிடுதாவளே. அவன் நம்ம பையன்தானே? அவன்கிட்டச் சொன்னா பாலத்தைக் கொண்டுவர மாட்டானா?"

மகாராஜா என்னிடம் படித்தவன். இப்போது பாளையங்கோட்டையில் வக்கீல். கட்சிக்காரன் ஆகிவிட்டான். கட்சிக்காரன் சொல்வதை எதை நம்ப?

அவள் அப்புறம் ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் சம்மதம் இல்லை என்று இருபத்தைந்து வருஷமாக எனக்குத் தெரியும். தெரிந்தும்—

25 மார்ச்

ராஜினாமாக் கடிதம் கொடுத்தாயிற்று. தலைமையாசிரியர் வாங்கி வைத்துக்கொண்டு, "நல்லா யோசிச்சீயளா?" என்றார். யோசித்தேன் என்றேன். பொய்தான்.

7 ஏப்ரல்

இன்று மகாராஜா வீட்டுக்கு வந்தான். கட்சித் துண்டு இல்லை, கூட ஆள் இல்லை, சைக்கிளில் வந்தான். வழக்கம்போல என் முன்னால் உட்காரவில்லை.

"சார், வேட்புமனுவை வாபஸ் வாங்குங்க. ஆத்தோரத்து ஊர் ஓட்டு எனக்கும் உங்களுக்குமா உடைஞ்சா, எதுத்து நிக்க மணல் குவாரி அண்ணாச்சி உள்ள வந்திருவாரு. பாலம் வந்தா தூணுக்குப் பக்கத்துல மணல் அள்ள விட மாட்டாவ. அதனாலதான் அவரு இத்தனை வருஷமா அதை நிறுத்திக்கிட்டு இருக்காரு."

"உன் கட்சி அனுப்பிச்சுதா?"

"இல்ல சார். நானாத்தான் வந்தேன். ஜெயிச்சா முதல் வேலை பாலம். எழுதித் தாரேன்."

"ஏலே, என்கிட்டப் படிச்சிட்டு என்கிட்டயே பேரம் பேசுதியா? இதுதான் நான் உனக்குச் சொல்லிக்குடுத்ததா?"

முகம் கறுத்துவிட்டது அவனுக்கு. "வாரேன் சார்" என்று மட்டும் சொன்னான். அன்னத்தாய் காப்பி கொண்டுவருவதற்குள் போய்விட்டான். டம்ளரை என் முன்னால் டக்கென்று வைத்தாள்.

11 ஏப்ரல்

ஏணிச் சின்னம் கிடைத்திருக்கிறது.

15 ஏப்ரல்

ரைஸ் மில் சுடலையாண்டி ஒரு ஜீப்பும் மைக் செட்டும் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தூத்துக்குடியில் ஒரு நலம்விரும்பி தந்ததாம். பேர் சொல்ல வேண்டாம் என்றாராம். எலியேசர் சார் முகத்தைச் சுளித்தார்: "பேர் சொல்லாதவன் வண்டியில எதுக்கு ஏறணும்வே?" வெயிலில் முக்கூடல்வரை நடந்து நடந்து என் குதிகால் வெடித்திருந்தது. ஏறிவிட்டேன்.

20 ஏப்ரல்

முக்கூடலில் நல்ல கூட்டம். பதக்கங்களைக் குத்திக்கொண்டு போனேன். பேசப் பேச உடம்பு சூடாகிவிட்டது. நேற்று என் பெஞ்சில் உட்கார்ந்தவன் இன்று விலைபோய்விட்டான் என்று சொன்னேன். கைதட்டல். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. அதனால் அடுத்த ஊரிலும் சொன்னேன். அதற்கடுத்த ஊரிலும்.

22 ஏப்ரல்

மகாராஜா சேரன்மகாதேவியில் பேசியதை எலியேசர் சார் கேட்டுவிட்டு வந்திருக்கிறார். "எங்க சாரைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை தப்பாப் பேசப்பிடாது, எனக்கு ஓட்டே போடாட்டாலும் சரி" என்று தன் ஆட்களை மேடையிலேயே அதட்டினானாம். நடிப்பு என்றேன். எலியேசர் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உமக்கு என்னமோ ஆயிட்டுவே" என்றார்.

29 ஏப்ரல்

எழுதக் கை வரவில்லை. எழுதித்தான் ஆக வேண்டும்.

மத்தியானம் வழியில் ஒரு கடையில் மோர் குடிக்க நிறுத்தினோம். டிரைவரிடம் பேச்சுக்கு, இந்த வண்டி தூத்துக்குடியில் யாருடையது என்று கேட்டேன். அவன் சாதாரணமாகச் சொன்னான்: "தூத்துக்குடியா? குவாரி அண்ணாச்சி வண்டில்லா சார் இது. உங்களுக்குத் தெரியாதா?"

மோரைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்தேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். எலியேசர் சாரும் கூடவே வந்தார். பிறகு பைய ஆரம்பித்தார்: "இன்னும் நாள் இருக்குவே. மகாராஜாவுக்குப் போடுங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிரும். ஊர் ஊராப் போயிச் சொல்லுவோம். நான் கூட வாரேன்."

"எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டுச் சொல்ல? விலைபோனவன்னு மைக்குல பேசியாச்சு."

"அதே மைக்குல மாத்திச் சொல்லும்."

"பின்வாங்கிப் பழக்கம் இல்ல எனக்கு."

"இது என்ன பார்டரா?" என்று கத்திவிட்டார். நடுரோட்டில். அவர் என்னிடம் கத்தி நான் கேட்டதே இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

30 ஏப்ரல்

சொல்லவில்லை.

1 மே

காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசல்வரை போனேன். சைக்கிளை எடுத்தேன். அன்னத்தாய் ஒன்றும் கேட்காமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள், போகட்டும் என்பதுபோல. திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டேன். ஏன்? என்னைத் தடுத்தது யார்? யாரும் இல்லை.

3 மே

நேற்று ஓட்டு முடிந்தது. என் ஓட்டை எனக்கே போட்டேன். அதையாவது அவனுக்குப் போட்டிருக்கலாம். மறைப்புக்குள் என்ன செய்தேன் என்று யாருக்குத் தெரியப் போகிறது? அதுகூட முடியவில்லை என்னால்.

10 மே

குவாரி அண்ணாச்சி ஜெயித்துவிட்டார். மகாராஜா தோற்றது நானூற்றுச் சொச்சம் ஓட்டில். எனக்கு விழுந்தது இரண்டாயிரத்து எண்ணூறு.

அன்னத்தாய் ரேடியோவை நிறுத்தினாள். "சாப்பிடுங்க" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

2 ஜூன்

நன்றி சொல்ல வந்தார் புது எம்.எல்.ஏ. பஸ் ஸ்டாண்டில் மேடை. நான் போகவில்லை, மருந்துக் கடைக்குப் போய்க்கொண்டிருந்தவனைப் பிடித்து மேலே ஏற்றிவிட்டார்கள். என் தோளில் பொன்னாடையைப் போர்த்தி, மைக்கில் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மிலிட்டரி சாருக்கு நான் ரொம்பக் கடமைப்பட்டிருக்கேன்."

புரிந்தவர்கள் சிரித்தார்கள். புரியாதவர்கள் கைதட்டினார்கள். நான் கும்பிட்டேன். ஏன் கும்பிட்டேன்? கை தானாகக் குவிந்துவிட்டது. பொன்னாடையை வீட்டுக்குக் கொண்டுபோகப் பிடிக்காமல் ஆற்றுப் படியில் வைத்துவிட்டு வந்தேன். சாயந்திரம் யாரோ நல்லவர்கள் எடுத்துவந்து, "சார், மறந்துட்டீய" என்று கொடுத்துவிட்டுப் போனார்கள்.

17 ஜூன்

பள்ளி திறந்துவிட்டது. என் வகுப்புக்குப் புது ஆசிரியர் வந்திருக்கிறார். சின்ன வயசு, நல்ல குரல். ரோட்டில் நின்றால் கேட்கிறது.

எலியேசர் சார் எதிரில் வந்தார். சைக்கிளிலிருந்து இறங்கினார். "சுகமா?" என்றார். "சுகம்" என்றேன். அவ்வளவுதான்.

11 ஆகஸ்ட்

அன்னத்தாய்தான் சொன்னாள்: "மகாராஜாகிட்ட ஒரு நட போயிட்டு வாங்களேன். ஒண்ணும் பேச வேண்டாம். போனாப் போதும்." நாளைக்கு என்றேன்.

12 ஆகஸ்ட்

போகவில்லை.

24 செப்டம்பர்

போய்விட்டேன்.

பாளையங்கோட்டை கோர்ட்டு வளாகத்தில் வேப்பமரத்தடியில் டைப் அடிப்பவர்கள் வரிசையாக இருக்கிறார்கள். அங்கே மகாராஜா கட்டுக் காகிதத்தோடு நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் பீடி குடித்துக்கொண்டிருந்த ஒருவரை எழுப்பி ஸ்டூலை எனக்குப் போட்டான். அவன் உட்காரவில்லை.

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ஜீப்பு அவரோடதுன்னு முன்னாடியே தெரிஞ்சு போச்சு எனக்கு. ஓட்டுக்கு முன்னாடியே. சொல்லாம இருந்துட்டேன் மகாராஜா" என்றேன்.

கொஞ்ச நேரம் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கும் தெரியும் சார். எலியேசர் சார் அன்னைக்கே வந்து சொன்னாவ. நீங்க வருவீயன்னு ரெண்டு நாள் பார்த்தேன்."

ரெண்டு நாள். நான் வாசல்வரை போய்த் திரும்பிய நாளும் அதில் ஒன்று.

மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்தான். நான் எழுந்தபோது, "பாலத்துக்கு ஐகோர்ட்டுல ரிட் மனு போடலாம்னு இருக்கேன் சார். நாள் ஆகும், கிடைக்கும்னும் சொல்ல முடியாது. ஊர்க்காரங்க ஒருத்தர் மனுதாரரா வேணும். யாரும் எம்.எல்.ஏ.வுக்கு எதிராக் கையெழுத்துப் போட மாட்டேங்காவ" என்றான். என்னைக் கேட்டதுபோலவும் இருந்தது, கேட்காததுபோலவும் இருந்தது.

8 அக்டோபர்

மறுபடி அதே வேப்பமரத்தடி. டைப் அடிப்பவர் மனுதாரர் பேர் கேட்டார், சொன்னேன். தகப்பனார் பேர், வயது, ஊர். பிறகு, "தொழில்?" என்றார்.

முன்னாள் ராணுவம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வாத்தியார் வேலை இப்போது இல்லை. டைப் மிஷினில் அவர் விரல் காத்துக்கொண்டிருந்தது.

மகாராஜா காகிதங்களிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "ஆசிரியர்னு அடிங்க. எனக்குச் சொல்லிக்குடுத்தவரு" என்றான்.

கையெழுத்துப் போடப்போனால் என் பேனா எழுதவில்லை. உதறிப் பார்த்தேன். அவன் சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, என் கையில் கொடுத்தான்.