கூடத்து ஆணி

ஸ்ரீரங்கம்,
அடையவளஞ்சான் தெரு,
பிலவ வருஷம் மார்கழி மாதம் 9.

சிரஞ்சீவி மணவாளனுக்கும் மருமகள் சாரதாவுக்கும் குழந்தைகளுக்கும் அம்மா ரெங்கம்மாளின் ஆசீர்வாதம். பெரிய பெருமாள் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், கல்கத்தாவில் நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். எனக்கு மனசுதான் சரியில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன், முதலில் நல்ல சேதி. உன் தங்கை வேதவல்லி மகன் கோவிந்தனைப் பொன்மலை ஒர்க் ஷாப்பில் அப்ரண்டிஸாக எடுத்துவிட்டார்கள், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வந்து என் காலில் விழுந்தான், ஆள் அடையாளமே தெரியவில்லை. அவன் தங்கை குமுதா டைப்ரைட்டிங் லோயர் பாஸ். சின்னவள் செல்வி ஸ்கூல் ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு டிபன் பாக்ஸ் வாங்கி வந்தாள், அதில்தான் தூங்கும்போதும் கை வைத்திருக்கிறாள். உன் பிள்ளை பெங்காலியில் முதல் மார்க் என்று நீ எழுதியதைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது, அந்த பாஷை எப்படி இருக்கும் என்று கேட்டார்கள், என் பேரனைப் போய்க் கேளுங்கள் என்றேன்.

இந்த மாதிரி சேதி வந்தால் உங்கப்பா படத்துக்கு முன்னால் நின்று வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம், உனக்குப் பிரமோஷன் வந்தபோதும் அப்படித்தான் சொன்னேன். கோவிந்தன் சேதியைச் சொல்ல வேண்டும் என்று, உறையூரில் வேதவல்லி வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு பஸ்ஸை விட்டு இறங்கி நேரே கூடத்துக்கு வந்தால், யாரோ ஒரு குடும்பம் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்திருக்கிறது, சுவரில் வெறும் ஆணி இருக்கிறது. ஏகாதசி உற்சவத்துக்கு வருகிறவர்களுக்கு இடம் விடுவது நமக்குப் புதிதல்ல, உங்கப்பா காலத்திலிருந்து முன்னறைகளை விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வருஷம் அம்மாவுக்கு ஏன் தொந்தரவு, நானே இங்கிருந்து என் ஸ்கூல் சிநேகிதன் சகாயநாதனுக்கு எழுதி எல்லாம் பார்த்துக்கொள்கிறேன் என்றாய், சரி பிள்ளை பொறுப்பாக இருக்கிறானே என்று சந்தோஷப்பட்டேன். கூடத்தையும் சமையல்கட்டையும் சேர்த்து விடப் போகிறாய் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா? வந்தவர் சேலத்தில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருமலைச் செட்டியார், குடும்பத்தோடு வந்திருக்கிறார். யாரைக் கேட்டு இங்கே உட்கார்ந்தீர்கள் என்றேன். பாட்டி பின்கட்டோட இருந்துக்குவாங்கன்னு ஓனரு எழுதியிருக்காருங்களே என்கிறார். ஓனராம். அந்த ஓனரைப் பெற்றவள் நான்தான், அதுவும் இதே கூடத்துக்குப் பக்கத்து அறையில்தான் பெற்றேன் என்றேன். மனுஷர் எழுந்து நின்றுவிட்டார்.

படத்தைத் தேடினால் பின்கட்டில் விறகுப் பரணில் இருக்கிறது. பழைய போர்வையில் சுற்றிப் பத்திரமாகத்தான் வைத்திருந்தது, அதனால் என்ன? சகாயநாதனைக் கூப்பிட்டு அனுப்பினேன். தலை நிமிரவில்லை. மணவாளன்தாங்க எழுதினான், வர்றவங்க கூடத்துல முன்னப்பின்ன தெரியாதவங்க படம் இருந்தா சங்கடப்படுவாங்க, எடுத்து வச்சிடுன்னு, என்றான். முன்னப்பின்ன தெரியாதவங்க. அந்தச் சுவருக்குச் செங்கல் சுமந்தவரே அவர்தான். வாடகைக்கு வருகிறவன் கண்ணுக்கு அவர் உறுத்துகிறாரா, உனக்கு உறுத்துகிறாரா என்று யோசித்துச் சொல். சரி, அவர் நாள் வருகிறதே, அன்றைக்குக் கூடம் வேண்டுமே, அதை எழுதவில்லையா அந்தப் புத்திசாலி என்று கேட்டேன். அதுக்குத்தாங்க ஜனவரி ஏழாம் தேதிக்கு முன்னாடியே காலி பண்ணச் சொல்லியிருக்கான், அன்னைக்குத்தான் அப்பா நாளாமே, என்றான் பாவம்.

மணவாளா, உனக்கு என்னதான் ஆயிற்று? உங்கப்பா சொர்க்கவாசல் திறந்து மூன்றாம் நாள் போனவர். அந்த வருஷம் அது ஜனவரி ஏழில் வந்தது. வருஷா வருஷம் சொர்க்கவாசல் என்றைக்குத் திறக்கிறதோ அதிலிருந்து மூன்றாம் நாள்தான் அவர் நாள், இந்த வருஷம் டிசம்பரிலேயே வந்துவிட்டது. எந்த உற்சவத்துக்காக வீட்டை விட்டாயோ அதற்குள்ளேயே உன் தகப்பன் நாள் இருக்கிறது, ஆபீஸ் காலண்டரில் தேதியைப் பார்த்துவிட்டு ஊரில் பிறந்தவன் செய்கிற காரியமா இது? சகாயநாதனை நான் வையவில்லை. எங்களுக்குக் கல்லறைத் திருநாள் தேதி மாறாதுங்க அம்மா, உங்களுக்கு மாறும்னு எனக்கு எப்படிங்க தெரியும் என்றான், அவன் சொன்னது நியாயம். உனக்குத் தெரிய வேண்டாமா? அப்படியானால் இத்தனை வருஷமும் கல்கத்தாவில் எந்த நாளில் அவருக்கு இலை போட்டாய் என்று கேட்கவே பயமாக இருக்கிறது, அதற்குப் பதில் எழுதாமல் இருந்துவிடாதே.

மூன்றாம் நாள் விடிந்ததும் குளித்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் படத்தைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய் அதே ஆணியில் மாட்டினேன். சண்டைக்குத்தான் போனேன். செட்டியாரின் தாயார் விழித்துக்கொண்டு யாரு ஆச்சி இவங்க என்றாள். என் வீட்டுக்காரர், இன்றைக்கு அவர் நாள் என்றேன். சொர்க்கவாசல் திறந்து மூன்றாம் நாளா, எப்பேர்ப்பட்ட சாவு, நாங்க தவம் கிடந்தாலும் கிடைக்குமா என்று சொல்லிக்கொண்டே அந்தக் கிழவி தன் படுக்கையைத் தானே சுருட்டினாள். தூங்கிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் எழுப்பினாள். கூடத்தைக் கழுவிவிட்டார்கள், சமையல்கட்டை என்னிடம் கொடுத்துவிட்டு அவள் மருமகள் வாழைக்காய் நறுக்கினாள். உங்கப்பாவுக்குப் பிடிக்கும் என்று பிடிகருணைக் குழம்பும் வைத்தேன். வருஷா வருஷம் உன் இடத்தில் நின்று கோவிந்தன்தான் கற்பூரம் காட்டுவான், புது வேலை, லீவு கிடைக்கவில்லை. கற்பூரத்தை வைத்துக்கொண்டு நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். செட்டியார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நான் காட்டலாங்களா அம்மா என்றார். காட்டச் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு இந்த வருஷம் கற்பூரம் காட்டியது வாடகைக்கு வந்தவர், பிள்ளை இருக்கிறான், ஓனராக இருக்கிறான், கல்கத்தாவில் இருக்கிறான். 

நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனாலும் சொல்கிறேன், கேட்டுக்கொள். இனிமேல் இந்த வீட்டை யாருக்கு விடுவது, எதை விடுவது என்று நான்தான் சொல்வேன், சகாயநாதன் என்னிடம் வந்து கேட்கட்டும். அடுத்த உற்சவத்துக்குச் செட்டியார் குடும்பத்தையே வரச் சொல்லிவிட்டேன், மூன்றாம் நாள் கூடம் எனக்கு என்று பேச்சு. அது எந்தத் தேதி என்று பஞ்சாங்கம் பார்த்து நானே எழுதுவேன், நீ லீவுக்கு இப்போதே எழுதிப் போடு, வந்து நீ காட்டு. சாரதா உடம்பைப் பார்த்துக்கொள்ளட்டும், அங்கே குளிர் என்கிறார்கள், குழந்தைகளுக்குக் காதை மூடி விடு.

புறப்படும் முன்னால் செட்டியாரின் தாயார் உன் முகத்தைப் பார்க்க ஆசைப்பட்டாள். உன் கல்யாணப் போட்டோதான் இருக்கிறது, காட்டினேன். இப்பவும் இப்படித்தான் இருக்காரா என்றாள். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை, இப்படித்தான் என்றேன். ஆகையால் தாமதம் செய்யாமல் எல்லோரும் ஸ்டுடியோவுக்குப் போய்ப் புதிதாக ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, அட்டை வைத்துக் கட்டு, மடங்கக் கூடாது. உங்கப்பாவுக்கு எதிர்ச்சுவரில், அவர் கண்ணுக்கு நேராக ஆணி அடித்து வைத்திருக்கிறேன். இந்தத் தடவை நான் வாயால் சொல்லப் போவதில்லை, அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

தீர்க்காயுசாக இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
உன் அம்மா,
ரெங்கம்மாள்.