நீங்கள் கேட்ட கொரியாவும் அவர் அளந்த கொரியாவும்

என் பிரியமுள்ள கிரேஸ் மதினிக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை போடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூத்து ஒன்று நடந்தது. அதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நம் ஊர்ப் புலவருக்குப் பொன்னாடை போர்த்தி, ‘கொரியம் கண்ட கோமான்’ என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் கொரியாவைக் கண்டது பள்ளிக்கூட அட்லஸில்தான். அதிலும் ஜப்பானைத் தொட்டு ‘இதுதான்’ என்றிருப்பார்.

சியோலில் ஒலிம்பிக் நடந்ததிலிருந்து ஊரில் கொரியாவுக்கு ஒரு மவுசு. எல்லாரும் டிவியில் பார்த்துவிட்டார்கள் அல்லவா? எட்டு வருஷமாக நீங்கள் ரேடியோவில் கேட்டபோது அதற்குப் பெயர் பைத்தியம். பாழாய்ப்போன மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோக இன்னும் மூன்று மாதம் பொறுத்திருந்தால் நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

கோவிலில் ஆராதனை முடிந்து வந்து, ரேடியோவில் பிரசங்கம் தேடி முள்ளைத் திருப்பியபோது அகப்பட்டது உங்கள் முதல் கொரியப் பாட்டு. அண்ணன் கடைக்குப் போனபின் நீங்கள் ஏலக்காய் ரகம் பிரிக்க உட்காருவீர்கள். ரேடியோவும் பக்கத்தில் உட்காரும். கொரியாவிலிருந்து ஆங்கிலத்தில் வரும் அந்தச் சிற்றலை ஒலிபரப்பில் சினிமாப் பாட்டு வரும், புதுப்பாட்டு வரும், அங்கே டிவியில் ஓடும் நாடகத்தின் கதையும் சொல்வார்கள். கேட்ட பாட்டைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதுவீர்கள். விளங்காத சொல்லுக்குக் கீழே கோடு போட்டு, நிலையத்துக்குக் கடிதம் எழுதிப் பொருள் கேட்பீர்கள். அப்படி நான்கு நோட்டு நிறைந்தது.

“தம்பி, இங்கன வாங்க,” என்று ஒருநாள் கூப்பிட்டீர்கள். “அண்ணனைக் கூப்பிட அவுகளுக்கு ரெண்டு வார்த்தை இருக்கு. தம்பி கூப்பிட்டா ஒண்ணு, தங்கச்சி கூப்பிட்டா வேற. பெரியவுகளைப் பத்திப் பேசினா நம்ம ‘வந்தாக’ மாதிரி வார்த்தையோட வாலும் மாறுது. பாட்டுல இதையெல்லாம் கவனிச்சாத்தான் யாரு யாருக்குப் பாடுறாகன்னு தெரியும்.”

போரில் பிரிந்த குடும்பங்கள் அங்கே டிவியில் ஒருவரையொருவர் தேடிய நிகழ்ச்சியை ஐந்து வருஷத்துக்கு முன்பு ரேடியோவில் கேட்டீர்கள். முப்பது வருஷம் கழித்து ஒரு பெண் தன் அண்ணனைக் கண்டுகொண்டு கத்தினாள். நீங்கள் மடியில் சல்லடையை வைத்துக்கொண்டு அழுதீர்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த அண்ணன் வாசலிலேயே நின்றார்.

“எவனோ கொரியாக்காரன் அழுதா எனக்கு இங்கன சோறு கிடையாதா?”

“அவன் இல்லங்க, அவ. தங்கச்சி,” என்று திருத்திவிட்டுச் சோறு போட்டீர்கள்.

மதுரையில் ஒரு கொரியப் படம் போடுகிறார்கள் என்று தெரிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினீர்கள். நான் பாதிப் படத்தில் தூங்கிவிட்டேன். நீங்கள் திரும்பும் வழியெல்லாம், மருமகள் மாமனாருக்குக் கிண்ணத்தை இரண்டு கையாலும் கொடுத்ததைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தீர்கள். உசிலம்பட்டி தாண்டியும் பேச்சு நிற்கவில்லை.

அப்பேர்ப்பட்ட நோட்டைத்தான் நான் புலவரிடம் கொடுத்தேன். உங்களைக் கேட்காமல் கொடுத்தேன். இலக்கிய மன்றச் செயலாளர் என்ற மிதப்பு எனக்கு. ‘எங்க மதினி கொரியப் பாட்டெல்லாம் ஆராயுறாக’ என்று பீற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் மூன்று மாதம் வைத்திருந்து திருப்பித் தந்தார். அடுத்த மாதமே புத்தகம் போட்டார். பாண்டிய இளவரசி ஒருத்தி கப்பலேறிப் போய்க் கொரியர்களுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தாளாம். ஆதாரம்? அவர்களும் அப்பா, அம்மா என்கிறார்கள்.

அந்தச் சொற்கள் உங்கள் நோட்டில் இருந்தவை. அவற்றுக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தது: ‘நாலு சொல் ஒத்துப்போனதால் உறவென்று துள்ள வேண்டாம். முதலில் அவர்கள் சொல்வதைக் கேட்போம்.’ அந்த வரியை மட்டும் புலவர் விட்டுவிட்டார். பாட்டுகளையும் விட்டுவிட்டார். உங்கள் பெயரையும் விட்டுவிட்டார். பலாப்பழத்தில் சுளையை எறிந்துவிட்டுத் தோலைத் தின்கிற பிறவி அது.

புத்தக வெளியீட்டில் நீங்கள் எழுந்து நின்றது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்தக் கூட்டத்தில் நின்ற ஒரே பெண் நீங்கள்.

“ஐயா, அவுக பாட்டு ஒண்ணாவது நீங்க கேட்டிருக்கீகளா?”

புலவர் துண்டைச் சரிசெய்துகொண்டார். “கேட்டா என்னம்மா வெளங்கும்? சிங்கு சாங்குன்னு கெடக்கும். நமக்கு வேர்தான் முக்கியம்.”

மண்டபமே சிரித்தது. “அவுக காதுக்கு நம்ம பேச்சும் அப்பிடித்தான் இருக்கும்,” என்றீர்கள். சிரிப்பு இன்னும் கூடியது. குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனீர்கள்.

மதினி, அன்றைக்கு நானும் சிரித்தேன். மேடைக்குப் பக்கத்தில் நின்று, பல் தெரிய. நீங்கள் பார்த்தீர்கள். அதற்கப்புறமும் எனக்குக் காப்பி போட்டுத் தந்தீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? புலவர் ஒரு வெற்றுத் தகரம், தட்டினால் சத்தம் வரத்தான் செய்யும். எல்லாம் தெரிந்தும் சிரித்த என்னை எதில் சேர்ப்பது?

போன ஞாயிறு நன்றியுரை என்னுடையது. உங்கள் இரண்டாம் நோட்டை எடுத்துப் போயிருந்தேன். மாலை போட்டவருக்கும் மைக் செட்காரருக்கும் நன்றி சொன்ன பிறகு, “இந்த ஆராய்ச்சிக்கு உரியவர் எங்கள் மதினி கிரேஸ் அம்மாள்,” என்று சொல்லி அந்தப் பக்கத்தை வாசித்தேன், புலவர் விட்ட வரியோடு சேர்த்து.

“ஏலே, மைக்கை நிப்பாட்டுங்கடா!” என்று கத்தினார் கோமான். நிப்பாட்டினார்கள். நான் தொண்டையைத் திறந்து இன்னொரு தடவை வாசித்தேன். பொன்னாடைக்காரர்கள் என்னைப் பார்க்காமல் மிக்சர் தின்றார்கள். சேர்த்துவைத்தாற்போல் அத்தனை கோழைகளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மறுநாள் என்னைச் செயலாளர் பதவியிலிருந்து நீக்கிவிட்டதாக ஆள் வந்து சொன்னான். கடைசி வரிசையில் அண்ணன் இருந்தார் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை காலை அண்ணன் கடை திறக்காமல் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அவ இம்புட்டும் எழுதுனாளாடா?”

“நாலு நோட்டு இருக்குண்ணே.”

“எனக்கு ஏண்டா காட்டலை?”

ஏனென்று அவருக்கே தெரியும்.

“படி,” என்றார்.

முதல் பாட்டைப் படித்தேன். ஆற்றங்கரையில் படகுக்குக் காத்திருக்கும் ஒருத்தியின் பாட்டு. கொரியச் சொற்களை நான் கொன்றிருப்பேன், மன்னியுங்கள். அண்ணன் இரண்டு தடவை இருமினார். “ஒண்ணும் வெளங்கலை,” என்றார். எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். நாற்காலியை இன்னும் கிட்டத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “எங்கெங்க அவ கோடு போட்டிருக்கான்னு காட்டு,” என்றார்.

மதினி, இனி வாரா வாரம் அண்ணன் வருவார். நான்கு நோட்டையும் அவருக்கு முழுசாகப் படித்துக் காட்டுவேன், ஒரு வரி விடாமல். பொருள் கிடைக்காமல் நீங்கள் கோடு போட்டு விட்ட சொற்கள் பதினொன்று இருக்கின்றன. அவற்றை நிலையத்துக்கு எழுதிக் கேட்கப் போகிறேன். அனுப்புநர் இடத்தில் உங்கள் பெயர்தான் இருக்கும்.

கைகட்டி நிற்கும்
உங்கள் கொழுந்தன்,
செல்வராஜ்