உன் காரைத் தவிர எல்லோரும் நலம்

பரமத்தி வேலூர்

அன்பு மகன் மதியழகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் காரைத் தவிர எல்லோரும் நலம். நீயும் தீபிகாவும் குளிர் தாங்கி நல்லபடியாக இருக்க மோகனூர் முருகனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் உன் சித்தப்பா மகள் ஷாலினி ஜெர்மனி திரும்பும்போது முருங்கைக்கீரைப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடியைத் தின்னாமல் ஃபிரிட்ஜில் அடைத்தாலும் இதை முழுசாகப் படித்துவிடு. போன வாரக் காற்றில் வாழை கொஞ்சம் சாய்ந்துவிட்டது, வெற்றிலைக் கொடிக்கால் தப்பித்தது. உன் அப்பாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, டாக்டர் சொன்னதைக் கேட்கிற பழக்கம் அவருக்கு எப்போது இருந்தது.

இனி உன் காருக்கு வருகிறேன். இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆளுக்கு இடமில்லாத, மழைக்கு ஒழுகுகிற, ஒரு வாழைத்தார் கூட வைக்க முடியாத அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்க ஆள் வருகிறார், ஓடுகிற நிலையில் வையுங்கள் என்று அங்கிருந்து உத்தரவு போட்டாய். இங்கே அது இன்று ஓடினால் நாலு நாளில் பேட்டரி செத்துக் கிடக்கிறது. வீடியோவில் பார்த்துவிட்டு ஆல்டர்நேட்டர் போயிற்று என்றாய், மாற்றினோம். பெல்ட் என்றாய், அதையும் மாற்றினோம். பிறகு பேட்டரியே சரியில்லை என்றாய், புதுசு வந்தது, அதுவும் செத்தது. கார் கம்பெனியில் பேட்டரிப் பிரிவில் சம்பளம் வாங்குகிறவன் நீ. அந்தக் கார்களை ஓட்டுகிறவர்களை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது.

உன் அப்பாவின் கூட்டாளி, லாரிப் பட்டறை எலக்ட்ரீஷியன் குழந்தைவேல் இருக்கிறாரே, அவர் உனக்கு மேல் கெட்டிக்காரர். மீட்டரை வைத்து, இன்ஜின் ஓடும்போது சார்ஜ் நன்றாக ஏறுகிறது, நிறுத்தினால்தான் எங்கேயோ கரண்ட் போகிறது என்று கண்டுபிடித்தார். அதுவரைக்கும் சரி. பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கினார், ரேடியோவைக் கழற்றினார், ஹாரனைக் கழற்றினார், மீட்டர் முள் கீழே இறங்கவில்லை, கரண்ட் போய்க்கொண்டேதான் இருந்தது. காரில் கை வைக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் முன்னாடி ஒட்டியிருக்கும் முருகன் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தப் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்ப் எரிந்துகொண்டே இருக்கிறது. சாமி லைட் என்பதால் அதுவும் கரண்ட் தின்கிற சாமான் என்று ஒருத்தர் மண்டையிலும் ஏறவில்லை. உன் மண்டையிலும்தான். வீடியோவில் படம் தெரிந்ததும் நீ கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

டீ கொண்டு போன நான்தான் கேட்டேன், "ஏனுங்க, அந்த லைட்டு என்ன வெளக்கெண்ணெயிலயா எரியுது?" என்று. குழந்தைவேல் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஒயரைப் பிடித்துக்கொண்டே போனார், லாரியில் செய்வது போல ஃபியூஸும் இல்லாமல் சாவியும் இல்லாமல் நேராகப் பேட்டரிக்குப் போயிருந்தது. சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது. அவர் லைட்டை அணைக்க அதன் சுவிட்சில் கை வைக்கப் போனபோது உன் அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "உடு கொழந்தவேலு. அவன் போட்டுட்டுப் போனது. அவனே வந்து அமத்தட்டும்" என்றார்.

நம் லாரிகளில் உன் அப்பா வைத்திருந்த வழக்கம் உனக்குத் தெரியும். வண்டியை எடுக்கிறவன் சாமி லைட்டைப் போட வேண்டும், வீடு திரும்பியதும் அவன் கையால்தான் அமத்த வேண்டும். நீ ஊருக்குக் கிளம்பிய அன்று லைட்டைப் போட்டுவிட்டு, அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கோயம்புத்தூர் ஏர்போர்ட் வரை ஓட்டிப்போனாய். திரும்ப அவர்தான் ஓட்டி வந்தார். வண்டி வந்துவிட்டது, எடுத்தவன் வரவில்லை. இத்தனை வருடம் அவர் ஷெட்டில் சார்ஜர் போட்டுக்கொண்டிருந்தது உன் காருக்கு என்று நினைத்தேன், இல்லை, அந்த லைட் அணையாமல் இருப்பதற்கு. ஆயுசு முழுக்க லாரியோடு கிடந்த மனுஷனுக்குப் பேட்டரி எதனால் இறங்குகிறது என்று தெரியாமலா இருக்கும். ஓடாத காரை யாரும் வாங்க மாட்டார்கள் என்பதும் தெரிந்திருக்கிறது. நீங்கள் இரண்டு கெட்டிக்காரர்களும் மாற்றியதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். கேட்டேன், துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கொடிக்காலுக்குப் போய்விட்டார்.

வாங்க வருகிறவரை வர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு நீ வா. ஏர்போர்ட்டுக்குக் காரைக் கொண்டுவரச் சொல்கிறேன், நீ வீடுவரை ஓட்டி வந்து உன் கையால் அந்த லைட்டை அமத்து. அப்புறம் அதை விற்றாலும் சரி, காயலான் கடையில் போட்டாலும் சரி. தீபிகாவுக்கு என் ஆசீர்வாதம், நீங்கள் இருவரும் நோய் நொடியில்லாமல் நன்றாக இருக்க வேண்டும். பொடியை வெறும் வயிற்றில் தின்னாதே.

இன்னொன்று. நேற்று உன் அப்பா நாமக்கல் போயிருந்தபோது ஷெட்டுப் பக்கம் போனேன், லைட் மங்கிக்கொண்டிருந்தது. நானே சார்ஜரை மாட்டிவிட்டு வந்தேன். அதை அவரிடம் போனில் உளறி வைக்காதே.

இப்படிக்கு
உன் அம்மா
பாவாயி