சொல்லாமல் எழும்பி வந்தேன்

வேலிக்கு மேலால் எட்டி என் பிள்ளைகளைக் கடன் கேட்ட என் ஹானா அக்காவுக்கு,

உங்களுக்குத் தமிழில் எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது இதில் ஓர் எழுத்துக்கூட உங்களுக்குத் தெரியாது. இப்போது இருக்கிற இடத்தில் பாஷை ஒரு தடையாக இராது என்று நம்புகிறேன். உங்கள் ஆங்கிலத்தையும் என் ஆங்கிலத்தையும் கூட்டினாலும் ஒரு முழு ஆங்கிலம் வராது என்று நீங்களே சொல்லிச் சிரிப்பீர்கள். நான் சொல்ல வந்தது அதற்குள் அடங்காது.

அதோடு, இதை நம் சனமும் வாசிக்க வேண்டும். நான் செய்த பிழை எங்கள் ஆட்களுக்குப் பிழையாகவே தெரியாது.

முதலில் நீங்கள் கேட்கக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளின் ஐஸ் ஹொக்கி போன ஞாயிறு நடந்தது. ஆனால் அதற்கு முந்திய இரண்டு ஞாயிறும் நடக்கவில்லை. என்னால்தான் நடக்கவில்லை.

கிளேட்டனில் உங்கள் பக்கத்து வீட்டுக்கு நாங்கள் குடிவந்த முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? நான் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். நீங்கள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "உனக்கு ரெண்டு பெடியன்கள் இருக்கினம். எனக்கு ஒரு அணிக்கு ரெண்டு பேர் குறையுது" என்றீர்கள். சீனி கடன் கேட்பதுபோல் கேட்டீர்கள். ஐஸில் விளையாடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஊரில் ஐஸ் மீனுக்குப் போடுவது. நான் மச்சம், முட்டை ஒன்றும் தொடாத சைவக்காரி.

ஆனாலும் வந்தேன். ஞாயிறு விடியக் காலை, மற்றச் சனம் ரிங்க் என்கிற அந்த ஐஸ் மண்டபத்துக்கு வருமுன்னம், நாலு அணிப் பிள்ளைகளை நீங்கள் மேய்த்த விதத்தைப் பார்த்தேன். உங்கள் நாட்டுச் செக் பிள்ளைகள், இத்தாலியப் பிள்ளைகள், இந்த ஊர்ப் பிள்ளைகள், நடுவில் திருநீற்றுக் குறியோடு என் இரண்டும். விழுந்தவனைத் தூக்கமாட்டீர்கள். "ஐஸ் குளிருது எண்டால் எழும்பு" என்பீர்கள். உங்கள் புருஷன் காரெல்தான் நடுவர். எல்லாருடைய ஸ்கேற்றையும் கூர் தீட்டுவதும் அவர், கோல் காக்கிற பிள்ளையின் பெரிய கால்கவசங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்குவதும் அவர். பேர்ப்பதிவும் வரவு செலவும் என் தலையில் விழுந்தது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். இங்கத்தை எழுத்தைப் பால் போத்தலிலும் பஸ் டிக்கெற்றிலும் பார்த்துப் பழகினவள். "கணக்கு எந்தப் பாஷையிலும் கணக்குத்தான்" என்று கணக்குக் கொப்பியை என் மடியில் போட்டீர்கள்.

நான் உங்களை அக்கா என்று கூப்பிட, என் பிள்ளைகளும் கூப்பிட, கடைசியில் ரிங்க் முழுதும் நீங்கள் 'மிஸஸ் அக்கா' ஆனீர்கள். ரிங்க் மனேஜர், அது செக் நாட்டுப் பெயரா என்று மரியாதையாகக் கேட்டார். "ஓம், மிகப் பழைய குடும்பம்" என்று முகம் மாறாமல் சொன்னீர்கள். நான் தேநீர்ப் போத்தலோடு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னொரு சொல்லையும் என்னிடமிருந்து எடுத்தீர்கள். ஒருநாள் நான் விடைபெறும்போது, "நீ ஒவ்வொரு நாளும் சொல்லுறியே, அது என்ன?" என்று கேட்டீர்கள். போட்டு வாறன். போய்விட்டு வருகிறேன் என்று அர்த்தம் சொன்னேன்.

"சும்மா போறன் எண்டு சொல்லமாட்டீங்களோ?"

"சொல்லக்கூடாது அக்கா. போறன் எண்டால் திரும்பி வாறதில்லை எண்டு ஆகிவிடும்."

உங்களுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. நாட்டைவிட்டு வரும்போது உங்கள் தாயிடம் 'போகிறேன்' என்றுதான் சொன்னதாகச் சொன்னீர்கள். அடுத்த ஞாயிறிலிருந்து ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாரும் தடியைத் தூக்கி "பொட்டு வாரான்!" என்று கத்த வேண்டும் என்று சட்டம் போட்டீர்கள்.

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்த அன்று அதையே சொன்னீர்கள். மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னீர்கள். நான் "ஓம் அக்கா" என்றேன். வேறென்ன சொல்வது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

இனி அந்தச் செத்தவீட்டைச் சொல்ல வேண்டும்.

உங்களை அடக்கம் செய்துவிட்டு எல்லாரும் உங்கள் வீட்டுக்கு வந்தோம். மேசை நிறையச் சாப்பாடு. எங்களுக்குச் செத்தவீட்டில் அயலவர் வாய் நனைக்கிற வழக்கம் இல்லை. நான் மூலைக் கதிரையில் சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு இருந்தேன். காரெல் ஒரு தட்டோடு சனத்தை விலக்கிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். அதில் கசகசாக் கேக் ஒரு துண்டு. "இது ஹானா..." என்று தொடங்கினார். நான் அவரை முடிக்க விடவில்லை. "நோ, நோ, நோ" என்று கையை நீட்டித் தடுத்தேன். தட்டைத் தள்ளியேவிட்டேன் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு இவருக்குக் கண் காட்டினேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல், பின்னாலுள்ள குசினிக் கதவால் வெளியே வந்தோம். செத்தவீட்டில் விடைபெறக்கூடாது. வாறன் என்றால் இன்னொரு சாவுக்கு வாறன் என்று ஆகிவிடும். எங்கள் வளவுக்குள் வந்ததும் வீட்டுக்குள் காலெடுத்து வைக்காமல், பின்பக்கத்துக் குழாயடியில் பிள்ளைகளை நிறுத்தித் தலையில் தண்ணீர் வார்த்தேன். அந்தக் குளிரில் இரண்டும் கத்தின. நானும் வார்த்தேன். ஈர உடுப்பைக் கையோடு அலம்பி வேலியோரக் கொடியில் போட்டேன்.

எல்லாம் முறைப்படி செய்தேன் என்ற திருப்தியோடு விளக்கேற்றினேன் அக்கா. எந்த வேலி என்று யோசிக்கவில்லை. நீங்கள் எட்டிப் பார்த்த அதே வேலி. அதற்கு அங்கால் உங்கள் குசினி ஜன்னல்.

அடுத்த ஞாயிறு காரெல் வரவில்லை. நடுவர் இல்லை, கவசம் இல்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் சும்மா வட்டமடித்துவிட்டுக் கால் விறைத்து வெளியே வந்தார்கள். மனம் ஆறட்டும் என்று விட்டேன். நடுக்கிழமையில் எங்கள் வாசலில் கவசங்களும் ஸ்கேற் தீட்டும் கல்லும் விசிலும் ஒரு பெட்டியில் இருந்தன. மணி அடிக்கவில்லை, கூப்பிடவில்லை, வைத்துவிட்டுப் போயிருந்தார். நான் எப்படிப் போனேனோ அப்படியே.

இரண்டாவது ஞாயிறும் ஆட்டம் இல்லை. ரிங்க் மனேஜர் நல்ல மனிதர்தான். ஆனாலும், "மிஸஸ் அக்காவுக்காகப் பொறுத்தேன். வாற ஞாயிறும் நடுவர் இல்லையெண்டால் இந்த நேரத்தை நடனம் பழகுற பிள்ளையளுக்குக் குடுத்திடுவன்" என்றார்.

காரில் வரும்போது மூத்தவன் குகன் ஜன்னலைப் பார்த்தபடி, "யூ ஜஸ்ற் லெஃப்ற், அம்மா" என்றான். "ஹீ வோஸ் வோச்சிங் அஸ்."

"என்னத்தைப் பாத்தவர்?"

"நாங்கள் முழுகினதை. ஜன்னலுக்கை நிண்டவர். நான் கண்டனான்."

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "இஞ்சை பாரும், நீர் ஒண்டும் பிழை செய்யேல்லை. எங்கட முறை அது. அவை சொந்தக்காரரோ எங்களுக்கு? எங்களுக்குச் சாவுத் துடக்குக்கூட இல்லை" என்றார்.

ஆறுதலுக்குத்தான் சொன்னார். அந்தச் சொல்தான் என்னைக் குத்தியது.

செவ்வாய்க்கிழமை உங்கள் வாசலுக்குப் போனேன். காரெல் கதவைத் திறந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. தாடி வளர்ந்திருந்தது. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் கொட்டினேன். இது அருவருப்பு இல்லை, மரியாதை. சாப்பிடாததும் சொல்லாததும் முழுகினதும் எங்கள் வழக்கம் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டு நின்றார். "நீ கையைக் கழுவு. தலையைக் கழுவு. சரி. ஆனால் என் ஹானா என்ன, தொத்து நோயா?"

"இல்லை, இல்லை. எல்லாரும் அப்படித்தான். என் ஊரில் எல்லாரும்."

"எல்லாரும்?" அவர் கொஞ்சம் யோசித்தார். "தங்கச்சியும் அப்படிப் போவாளா?"

நான் குனிந்து வாசற்படியைப் பார்த்தேன் அக்கா. தங்கச்சி போகமாட்டாள். சொல்லாமல் எழும்பி வருவது அயலவர் முறை. தங்கச்சி அந்த வீட்டிலேயே கிடப்பாள். அடுப்பு மூட்டுவாள், வந்தவருக்குத் தேநீர் கொடுப்பாள், எட்டாம் நாளுக்குச் சமைப்பாள், முப்பத்தோராம் நாள் வரை துடக்குக் காத்து விளக்கேற்றமாட்டாள். அஞ்சு வருஷம் வாய் நிறைய அக்கா என்று கூப்பிட்டுவிட்டு, சாவு வந்ததும் வேலிக்கு இங்கால் வந்து அயலவள் ஆகிவிட்டேன். முறை தெரிந்தவள் நான். எந்த முறையை எடுப்பது என்பதில்தான் உங்களைக் கைவிட்டேன்.

கொப்பியில் ஒரு சதம் பிசகினால் நித்திரை வராதவளுக்கு, இது எப்படிக் கண்ணில் படாமல் போனது?

நான் திரும்பி நடக்கத் தொடங்கியபோது அவர் பின்னால் நின்று சொன்னார்: "அந்தக் கேக்கில் முட்டை இல்லை."

நின்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போக முதல் நாள் செய்தாள். நிற்க ஏலாது, கதிரை போட்டு இருந்து மா குழைத்தாள். பனிப்பெட்டியில் வை, அவளுக்கு மட்டும் கொடு, மற்றவர்களுக்குக் கொடுக்காதே என்றாள். முட்டை இல்லாத கேக்கை வேறு யார் சாப்பிடுவார்கள்?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "மிச்சம் இன்னும் பனிப்பெட்டியில் இருக்கு. எறிய மனம் வரவில்லை."

அவர் மறுபடி வேண்டுமா என்று கேட்கவில்லை. தாருங்கள் என்று கேட்க எனக்கும் முகம் இல்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

போன ஞாயிறு நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரிங்க்குக்குப் போனேன். காரெல் முதலே வந்திருந்தார். பெட்டியை என் கையிலிருந்து வாங்கினார், விசிலை எடுத்துக் கழுத்தில் போட்டார், ஐஸில் இறங்கினார். என்னோடு ஒரு சொல்லும் பேசவில்லை. பிள்ளைகளுக்காக வந்தார், எனக்காக அல்ல. அது நியாயம்தான். குகனின் அணி தோற்றது. நீங்கள் இருந்தால் அவனுக்கு நல்ல பேச்சு விழுந்திருக்கும், கோலுக்கு முன்னால் நின்று ஆரையோ பார்த்துக் கை காட்டினான்.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் பழக்கத்தில் தடியைத் தூக்கினார்கள். தூக்கிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கத்தலாமோ கூடாதோ என்று தெரியவில்லை. காரெல் குனிந்து ஸ்கேற் நாடாவை அவிழ்த்தார். நான் தேநீர் மூடியைத் திருகினேன். தடிகள் ஒவ்வொன்றாக இறங்கின. சின்னஞ்சிறுசுகள் சொல்லாமல் வெளியே போனதை நின்று பார்த்தேன். அதை அவர்களுக்குப் பழக்கியவள் நான்.

நாளைக்கு உங்களுக்கு முப்பத்தோராம் நாள். பிந்தினாலும், அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு நான் விளக்கேற்றவில்லை. விடிய எழும்பி முழுகிச் சமைப்பேன். ரிங்க் ஓரத்து வாங்கிலில் இருந்தபடி கையுறையோடு நீங்கள் தின்கிற உளுந்து வடையும் சுடுவேன். எல்லாவற்றையும் முன்வாசலால் உங்கள் வீட்டுக்குக் கொண்டு போவேன், குசினிக் கதவால் அல்ல. உங்கள் படத்துக்கு முன்னால் படைத்துவிட்டு, காரெலிடம் அந்த மிச்சக் கேக்கைக் கேட்பேன். தந்தால் இருந்து சாப்பிடுவேன். தராவிட்டால் கோப்பைகளைக் கழுவி வைப்பேன்.

எழும்பும்போது, இதை வாசிக்கிற நம் சனம் என்னைக் குறை சொன்னாலும் சொல்லட்டும், அந்த வாசற்படியில் நின்று அவர் காது கேட்க அந்தச் சொல்லைச் சொல்வேன். மறுமொழி வராவிட்டால் ஞாயிற்றுக்கிழமை ஐஸ் ஓரத்தில் நின்று பிள்ளைகளோடு சேர்ந்து கத்துவேன். உங்கள் உச்சரிப்பிலேயே.

போட்டு வாறன் அக்கா.

சொல்லாமல் போன உங்கள் தங்கச்சி,
புனிதம்