மாப்பிள்ளை வீட்டுக் குலசாமி

வைகாசி 4, ஞாயிறு. இராஜபாளையம்.

இன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், மகளின் நிச்சயத்துக்கு நாள் குறித்து வந்தோம். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா சொன்னார். "மொதப் பத்திரிகை எங்க குலசாமிக்குத்தான் சம்பந்தி. தேவதானம் பக்கத்துல, தலையில்லாத மண்குதிரை நிக்கிற அய்யனாரு. எங்க பங்காளிகளத் தவிர அங்க யாரும் வரமாட்டாக."

என் கையிலிருந்த காப்பி வேட்டியில் கொட்டிவிட்டது.

என் அப்பாவின் தகப்பன் யாரென்று எத்தனையோ ஊரில் விசாரித்திருக்கிறேன். கல்யாணம் ஆகாமல் அவரைப் பெற்றவள் சாகும்வரை பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அப்பா சிறுவனாக இருந்தபோது, பங்குனி உத்திரத்துக்கு ஒரு அய்யனார் கோயிலுக்குக் கூட்டிப்போவாளாம். உள்ளே போகாமல் தள்ளி நின்று, "கும்பிட்டுக்கோலே, இது ஒனக்கும் சாமிதான்" என்பாளாம். எந்த ஊர் என்பது அப்பாவுக்கு நினைவில்லை. தலையில்லாத குதிரை மட்டும் கடைசிவரை நினைவிருந்தது.

வேறு கோயிலிலும் அப்படிக் குதிரை இருக்கலாம். இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பையன் எங்களுக்குப் பங்காளி, என் மகளுக்கு அண்ணன் முறை.

பஸ்ஸில் மனைவி கேட்டாள். "என்னங்க, மூஞ்சி இப்படி வெளிறிக் கெடக்கு?" வெயில் என்றேன். அவளிடம்கூட அப்பாவின் பிறப்பைப் பற்றி நான் சொன்னதில்லை. கல்யாணத்தை நிறுத்த வேண்டுமானால் அதை ஊரறியச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால்...

அடுத்த அறையில் மகள் அவனோடு போனில் பேசிச் சிரிக்கிறாள். இன்றுதான் முதல்முறையாக அவனை அத்தான் என்று கூப்பிடுகிறாள்.