அது வைக்கோல் சுணை இல்லண்ணா

அண்ணா,

வாட்ஸ்அப்ல போட்டா உன் ரூம்ல எல்லாரும் படிப்பாங்க. அதான் லீவுக்கு சீர்காழி வந்துட்டு மஸ்கட் திரும்புற பகலவன் அண்ணன்கிட்ட லெட்டரா குடுத்து விடுறேன்.

உன் புது ரீல்ஸ் செம மாஸ்! அவ்ளோ பெரிய ஏசி பைப்புக்கு நீ கண்ணாடிப் பஞ்சு சுத்துற ஸ்பீடப் பாத்து, "எங்க அண்ணன்டா!"ன்னு கமெண்ட் போட்டேன். அப்புறம் ஸ்லோ மோஷன்ல பாத்தேன். இங்க வைக்கோல் கட்டுறப்ப கட்டுவியே, அதே மாதிரி மூஞ்சில வெறும் துண்டு. பின்னாடி நடந்து போற சூப்பர்வைசர் மட்டும் மாஸ்க் போட்டிருக்காரு.

அம்மா அத கவனிக்கல. உன் கை செவந்திருக்கறதத்தான் பாத்துச்சு. "வைக்கோல் சுணைதான், தேங்காயெண்ணெய் தேய்ச்சா அடங்கிடும்"னு ஒரு பாட்டில் குடுத்துருக்கு. தேய்ச்சிடாதண்ணா! நான் நெட்ல தேடித் தேடிப் படிச்சேன். அது கண்ணாடித் தூள், தேய்க்கத் தேய்க்க உள்ள ஏறும். முதல்ல தண்ணிய ஓடவிட்டுக் கழுவணும். துண்டயும் தாண்டி அது மூக்குக்குள்ள போயிடும், இருமல் வரும்.

போன் பேசுறப்ப நீ ஏன் அடிக்கடி மியூட் பண்றன்னு நான் கேக்கல. அம்மாகிட்ட சிக்னல் சரியில்லன்னு சொல்லி வச்சிருக்கேன்.

எண்ணெய் பாட்டிலுக்குக் கீழ மாஸ்க் வச்சிருக்கேன். தீந்துபோனா அந்த சூப்பர்வைசர்கிட்டயே, "எனக்கு எங்க சார்?"னு கேளு. இங்க கூலிக்காக மொத ஆளா நின்னு பேசுனவன்தான நீ?

மாஸ்க் போட்டா மூஞ்சி தெரியாது, வியூஸ் வராதுன்னு நினைக்காத. கண்ண மட்டும் பாத்தே கண்டுபிடிச்சு மொத லைக் போட்டுடுவேன்.

உன் மொத ஃபாலோயர்,
தங்கச்சி