அருகும் ஜட்காக் குதிரைகளும்

5-6-56. செவ்.
காலையிலேயே அனல். அலமேலு பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த மேட்டு நிலம் முழுக்கப் பச்சை. எல்லாம் அருகம்புல். போன மாதம் மழை ஈரத்தில் ஏர் ஓட்டினேன். வேர் துண்டு துண்டாகி, துண்டுக்கு ஒரு முளை. கிராம சேவக் சைக்கிளில் வந்து பார்த்தார். ஈரத்தில் உழவே கூடாதாம். மண் நன்றாகக் காய்ந்த பிறகு உழுது வேரைப் பொறுக்க வேண்டுமாம். இப்போது சொல்கிறார், மகராசன்.

அலமேலுவின் தம்பி கோவிந்தன் வரப்பில் நின்றபடி, "ஏர் ஓட்னியா, இல்ல அருகுக்கு நாத்து உட்டியா மாமா?" என்றான். ஆடிக்குள் வேர்க்கடலை போடாவிட்டால் நிலத்தை அவனே எடுத்துப் பயிர் வைப்பானாம்.

8-6. வெள்.
பிண்ணாக்கு. மண்வெட்டிப் பிடி. விளக்குத் திரி. மூன்றும் வாங்க மறந்தேன்.
திருவள்ளூர் ஸ்டேஷனுக்குத் தயிர் விற்கப் போன அலமேலு சிரித்துக்கொண்டே திரும்பினாள். "மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீறியே, திங்கக்கெழம ஆளுங்க வராங்க" என்றாள். எந்த ஆள் என்று கேட்டால் தயிர்ப் பானையைக் கழுவப் போய்விட்டாள்.

11-6. திங்.
ஐந்து ஜட்கா வண்டிகள்! ஸ்டேஷன் வாசல் பாய்மார்கள். வெயில் காலத்தில் புல் கிடைக்காமல் பேஜாராம். அருகை நுனி அறுத்துப் போட்டால் குதிரை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளுமாம். வேரோடு தோண்டி, கழுவிப் போட வேண்டுமாம். மஸ்தான் பாய் ஒரு முழம் தோண்டி வெள்ளை வேரை உருவினார். "இதான் அதுங்களுக்கு ஹல்வா" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஓடிப்போய்க் கடப்பாரை எடுத்து வந்தேன்.

24-6. ஞா.
தினமும் வந்தார்கள். வியாழனன்று கடைசிக் கட்டும் போயிற்று. நல்ல வெயில், மண் பொடி. அதன் பிறகுதான் ஏர் பூட்டினேன். தப்பிய வேர் மேலே வந்து காய்ந்து வற்றல். அதையும் பொறுக்கினோம். முதுகு வலி. பரவாயில்லை.

7-7. சனி.
நேற்று மழை. வேர்க்கடலை போட்டாயிற்று. ராத்திரி பாயசம்.

15-7. ஞா.
முளைத்துவிட்டது! குனிந்து குனிந்து பார்த்தேன். வேர்க்கடலைதான். அருகு அங்கங்கே ஒன்றிரண்டு. களைக்கொத்து போதும்.
கோவிந்தன் வந்தான். வரப்பைச் சுற்றினான். கேலிக்கு ஒன்றும் அகப்படவில்லை. அவன் நிலத்திலும் அருகாம். வண்டிக்காரர்களைப் பிடித்தது யார் என்று கேட்டான்.
"எல்லாம் உன் மாமா யோசனதான்டா" என்றாள் அலமேலு, முகத்தில் சிரிப்பே காட்டாமல்.
நான் மீசையைத் தடவிக்கொண்டு நின்றேன். இந்த நோட்டில் மட்டும் எழுதி வைக்கிறேன். யோசனை அவளுடையது.